அளவு கொடுத்தவன்

பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள் என்று மகள் வந்து நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மனைவி வீட்டு ஆல்பத்தில் அவன் இல்லை. பிறந்தநாள்கள், புது வீட்டுக்குக் குடிபோனது, மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது, எல்லாவற்றிலும் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இவனை மட்டும் காணோம். ஏனென்றால் அத்தனையையும் எடுத்தவன் இவன்தான். "அவர் எடுத்தாத்தான் நல்லா வருது" என்று மாமியார் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்வாள். அதில் உச்சி குளிர்ந்து, கேமராவை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவான். அது பாராட்டு இல்லை, வரிசையைவிட்டு வெளியே அனுப்புகிற வழி என்று புரிய அவனுக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

அவன் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. ஆனால் அதில் மகள் இல்லை. "நான் இல்லாம அது எப்படிக் குடும்பம்?" என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு பிறந்தநாள் படத்தின் மூலையில், லென்ஸை மறைத்துக்கொண்டு, அவன் விரல் ஒன்று விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். அதையே கொண்டுபோனாள். விரலுக்கு ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'இது அப்பா' என்று எழுதி, வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனவன் அதைப் பார்த்தான். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கெல்லாம் முகம் இருந்தது.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தான். மைத்துனனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் கல்யாணத்தில் நல்ல கோட் ஒன்று போட்டுக்கொண்டு, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முகம் தெரிய ஒரே ஒரு படத்தில் நின்றுவிட வேண்டும். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்து பிழைக்கிற மனிதன் இதைவிடச் சின்னதாக ஆசைப்பட முடியாது. மனைவியிடம் சொன்னான்.

"கண்டிப்பா. இந்த வாட்டி உங்களுக்கும் சேர்த்துத்தான் கோட். அம்மாகிட்ட நான் பேசிடறேன்" என்றாள்.

அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். சண்டையெல்லாம் கிடையாது, மரியாதையாம். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், மகள் அவனிடம் சொல்வாள், இரண்டு முறையும் அவன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொள்வான். "ஃபிரிட்ஜ் ஏன் சத்தம் போடுதுன்னு அவரைக் கேளுடி." "ஏங்க சத்தம் போடுது?" "ஃபேன்ல ஐஸ் கட்டியிருக்கு." "ஃபேன்ல ஐஸாம்மா." இப்படியே ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டது. அவனைக் கூப்பிட ஒரு வார்த்தையை அவள் செலவழித்ததே இல்லை. கையிருப்பில் இருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் மகனுக்கென்று வைத்திருந்தாள். மகனை அந்த வீட்டில் தங்கம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

தங்கம் வேறொரு நகரத்தில் பெரிய கம்பெனியில் பொறுப்பில் இருந்தான். என்ன பொறுப்பு என்று கேட்டால் "பெரிய பொறுப்பு" என்பாள் மாமியார். ஊர்ப்பக்கம் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. பெண் அதே ஆபீசில் இருப்பவள். அவர்களாகவே பார்த்துக்கொண்டு, அவர்களாகவே முடிவு செய்து, பெரியவர்களுக்குப் போனில் தகவல் சொன்னார்கள். கல்யாணம் இங்கேதான், ஆனால் மண்டபம், மேடை, படமெடுப்பவர் எல்லாம் தங்கள் ஏற்பாடு என்று பெண் வீட்டார் பெரிய மனசோடு சொல்லிவிட்டார்கள். மாமியாருக்கு மிஞ்சிய ஒரே அதிகாரம் மகனின் கோட். அதிலும் யாரையாவது மூக்கை நுழைக்க விட்டுவிட்டால் அப்புறம் அவள் எதற்குத் தாய்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிளம்பிக் கோட் தைக்கும் கடைக்குப் போனது. அளவெடுப்பார்களே என்று அவன் புதுப் பனியன் போட்டுக்கொண்டு வந்தான்.

நீளமான கடை. இரண்டு பக்கச் சுவரிலும் சுருட்டி அடுக்கிய துணி, நடுவில் அகலமான வெட்டு மேசை, கோடியில் ஆளை மூன்று பக்கத்திலிருந்தும் காட்டுகிற கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் தலையில்லாத பொம்மை ஒன்று பாதி தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு நின்றது. மாமனார் நேராகப் போய் சோபாவில் உட்கார்ந்து, "கருப்புதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கோட் விஷயத்தில் அந்தக் குடும்பத்தில் அனுபவசாலி அவர்தான். அவரிடம் ஒரு கோட் இருந்தது. வேலையில் சேர்ந்த காலத்தில் தைத்தது, பூச்சி உருண்டை போட்டுப் பாதுகாத்துவந்தார். மருமகன் தன் கல்யாணத்தில் போட்டுக்கொண்டது அந்தக் கோட்டைத்தான். மாமனார் குள்ளம். மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுபோன கையோடு, அந்துருண்டை வாசத்தோடு, அவன் மணமகனாக நின்றான்.

கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். நிறையக் கல்யாணங்களைப் பார்த்து எதையும் நம்பாமல் போன முகம்.

"கல்யாணப் பையன் யாருங்க?"

"அவனுக்கு லீவு கிடைக்கல. முந்தின நாள்தான் வருவான்" என்றாள் மாமியார்.

"ஆளே இல்லாம எப்படிம்மா அளவெடுக்கிறது?"

"அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கேன். என் பையனும் அவரும் ஒரே உயரம், ஒரே தோள். முன்ன ஒரு தடவை ரெண்டு பேரும் மழைக்கோட்டை மாத்தியே போட்டுட்டுப் போயிட்டாங்க. அவரை முன்னாடி வந்து நிக்கச் சொல்லுடி."

மனைவி அவன் முகத்தைப் பார்க்காமல், "என்னங்க, கொஞ்சம் முன்னாடி வந்து நில்லுங்களேன்" என்றாள். புதுப் பனியன் யாருக்காக என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தலையில்லாத பொம்மையின் பக்கத்தில் போய் நின்றான்.

முதலில் துணி. மேசைமேல் கருப்பு, சாம்பல், பழுப்பு என்று வரிசையாக விரித்தார் கடைக்காரர். மாமியார் ஒவ்வொன்றையும் விரலால் கசக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இந்த அமளியில் மருமகன் கை தானாக அலமாரிப் பக்கம் போனது. அங்கே ஒரு கருநீலத் துணி இருந்தது. தொட்டால் குளிர்ந்தது, வெளிச்சத்தில் திருப்பினால் லேசாக மின்னியது. இதுதான் என் கோட் என்று அவன் மனசு சொல்லிவிட்டது. மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் பார்ப்பதற்குள் அவளைப் பெற்றவள் பார்த்துவிட்டாள்.

"அட, அது நல்லா இருக்கே! தங்கத்துக்கு அதையே எடுத்து வைங்க."

"அம்மா, அது இவருக்கு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அவருக்கு எதுக்குடி கோட்? படமெடுக்கக் கையைத் தூக்கினா கோட்டும் சேர்ந்து மேல போகும். வேணும்னா அப்பாவோடது இருக்கே."

"அதுக்கு இன்னும் ஒன்னும் ஆகல" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே.

மனைவி விரித்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள். அம்மாவிடம் பேசுகிறேன் என்று அவள் சொன்னது இவ்வளவுதான். அவனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், அளவு நாடாவுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

நிறத்துக்கு ஒப்புதல் வாங்கத் தங்கத்தைப் போனில் கூப்பிட்டு முகம் பார்த்தார்கள். "பிரீமியம் லுக் வேணும்மா. ஸ்லிம் ஃபிட்னு சொல்லிடுங்க" என்றான் தங்கம். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். நெற்றியும் கண்ணும் பெரிதாகத் தெரிந்தன, மற்றதெல்லாம் கீழே எங்கேயோ மங்கலாகப் போயிற்று. இத்தனை வருஷம் இந்தக் குடும்பத்தைப் படமெடுத்தவனுக்கு அந்தக் கோணம் நன்றாகத் தெரியும். தாடைக்குக் கீழே இன்னொரு தாடை முளைத்த பிறகுதான் மனிதர்கள் தங்களை மேலிருந்து காட்டத் தொடங்குவார்கள். மாமியாரையே அப்படித்தான் ஸ்டூல் போட்டு ஏறி நின்று எடுத்துவந்தான்.

"மச்சான், போனைக் கொஞ்சம் கீழ இறக்குங்களேன். உடம்பு தெரியட்டும்" என்றான்.

"ஆபீஸ்ல இருக்கேன் அத்தான்" என்று இழுத்தான் தங்கம்.

"வேலையா இருக்கிற பிள்ளையை ஏன் தொந்தரவு பண்றாருன்னு கேளுடி" என்றாள் மாமியார். சரி, நமக்கென்ன வந்தது என்று அவனும் விட்டுவிட்டான். பேச்சை எடுத்தவன் பாதியில் விட்டது அன்றைக்குக் கோபத்தில்தான்.

அளவெடுப்பு தொடங்கியது. கடைக்காரர் மார்பைச் சுற்றி நாடாவைப் போட்டு அளவைச் சொன்னார்.

"அவருக்கு அவ்வளவுதான் இருக்கும். என் பையனுக்கு நெஞ்சு இன்னும் அகலம். கூட்டிப் போடுங்க" என்றாள் மாமியார்.

கடைக்காரர் கூட்டிப் போட்டார். இடுப்பு வந்தது.

"இவருக்கு வயிறு இருக்கு. என் பையனுக்கு வயிறே கிடையாது. குறைங்க."

குறைத்தார். கை கொஞ்சம் நீளம் என்றாள், கழுத்து கொஞ்சம் உயரம் என்றாள். இருக்கிற மருமகனின் உடம்பிலிருந்து இல்லாத மகனைச் செதுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அசையாமல் நின்று கொடுத்தான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து டிரையல் பார்க்க மறுபடி எல்லோரும் போனார்கள். மருமகனுக்குக் கோட்டை மாட்டினார்கள். மாமியாரின் மனசிலிருந்த மகன் கண்ணாடியில் வந்து நின்றான். பார்க்கச் சகிக்கவில்லை. நெஞ்சில் இன்னொரு ஆள் குடியிருக்கலாம், அவ்வளவு இடம். இடுப்பில் பட்டன் எட்டவில்லை. கைகள் விரல் நுனிவரை வழிந்தன. மாமனார்கூடக் கண்ணைத் திறந்து, "என்னது இது?" என்றார்.

"நீங்க சொன்ன அளவுதாம்மா" என்றார் கடைக்காரர்.

"அதுக்காக இப்படியா? இந்தக் கோலத்துல என் பிள்ளை மேடையில நின்னா பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க? நெஞ்சைப் பிடிங்க. இடுப்பை விடுங்க. கையைக் குறைங்க."

"அம்மா, இங்க பிடிச்சா இது இவரோட உடம்புக்கு ஆயிடும்."

"பார்க்க நல்லா இருக்கணுமா வேணாமா?"

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுக் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டார். மாமியார் கண்ணும் கருத்துமாகப் பக்கத்தில் நின்று திருத்தினாள். இங்கே சுருக்கம், அங்கே தொய்வு, இந்தத் தோள் இன்னும் படிய வேண்டும். அதற்கடுத்த வாரம் மறுபடி போய் மறுபடி திருத்தினார்கள். சாக்கட்டிக் கோடுகளும் ஊசிகளுமாக நின்ற துணி, கொஞ்சம் கொஞ்சமாக, தன்னை மாட்டியிருந்த உடம்புக்கே ஒட்டிக்கொண்டது. கடைசி டிரையல் அன்று அவன் கண்ணாடி முன்னால் திரும்பியபோது கடையில் இருந்த வேறு யாரோ ஒருவர் தலைநிமிர்ந்து பார்த்தார். மூன்று கண்ணாடியிலும் ஒரு மனிதன் தெரிந்தான். நிமிர்ந்த ஆள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"ஆஹா" என்றாள் மாமியார், கண் கலங்கி. "என் தங்கத்தை அப்படியே பார்க்கிற மாதிரி இருக்கு."

அவள் கண் துடைத்துக்கொண்ட நேரத்தில் மனைவி அவன் காலரைத் தடவிச் சரிசெய்தாள். "உங்களுக்கு ரொம்ப நல்லா இருக்குங்க" என்று காதோடு சொன்னாள். அவனுக்கு அந்த நிமிஷம் எல்லாம் தெளிவாகிவிட்டது. தங்கம் வருவான். அவனுக்கு இது எட்டவே எட்டாது. எட்டாத கோட்டை என்ன செய்வார்கள்? வீட்டில் இது பொருந்துகிற ஆள் ஒருத்தன்தான் இருக்கிறான். போனைத் தூக்கிப் பிடித்த கதையை இப்போதுகூட அவன் சொல்லியிருக்கலாம். மூச்சு விடவில்லை. நல்லவன்தான், ஆனால் நல்லவனாக இருந்து இருந்து அலுத்துப்போயிருந்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை தங்கம் வந்து இறங்கினான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, அவன் இறங்கியதும் நிமிர்ந்தது. தெருவாசலில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"கொஞ்சம் பூசின மாதிரி இருக்கான். அழகாத்தான் இருக்கு" என்றாள் மாமியார்.

பூசவில்லை, சுவரே எழுப்பியிருந்தார்கள். கோட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று மனைவி சொன்னதற்கு, "டயர்டா இருக்குக்கா. அளவெடுத்துத்தானே தைச்சீங்க?" என்று போய்ப் படுத்துவிட்டான். பெற்றவளுக்கும் காலையில் பார்த்துக்கொள்வதே நல்லதாகப் பட்டது.

காலையில் மண்டபத்தில், மேடைக்குப் பக்கத்து அறையில், தங்கம் கோட்டுக்குள் கையை விட்டான். காற்சட்டைக்குக் கவலை இல்லை, ஆபீசுக்குப் போடுகிற கருப்புக் காற்சட்டையைத்தான் மாட்டியிருந்தான். தோள் சரியாகப் பொருந்தியது. மழைக்கோட்டு விஷயத்தில் மாமியார் பொய் சொல்லவில்லை. அதற்குக் கீழேதான் வம்பு. பட்டனும் காஜாவும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் போல ஆளுக்கொரு பக்கம் நின்றன.

"மூச்சை இழுத்துப் பிடிடா" என்றார் மாமனார். தங்கம் இழுத்துப் பிடித்தான். மூன்று பேர் சேர்ந்து பட்டனை மாட்டினார்கள். தங்கம் மூச்சை விட்டான். பட்டன் தெறித்துப் போய் ஜன்னலில் மோதியது.

மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. மருமகன் ஓரமாக நின்றான். காலையிலிருந்து மண்டபத்தின் குளிர்பெட்டியைச் சரிசெய்ய அவனைத்தான் பிடித்துப் போட்டிருந்தார்கள், கருவிப்பை கையிலேயே இருந்தது. உடம்பில் மாமனாரின் கோட், அதே குட்டைக் கை, அதே அந்துருண்டை. யாராவது சொல்ல வேண்டும். யாராவது ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும்.

அவன் மனைவி சொன்னாள். தைரியத்தை எங்கிருந்து திரட்டினாளோ, ஒரே மூச்சில் சொன்னாள். "அம்மா, பக்கத்துத் தெருவுல கோட்டு வாடகைக்குக் கிடைக்கும். தம்பிக்கு அதுல ஒன்னு எடுத்துடலாம். இதை இவர் போட்டுக்கட்டும். இவருக்குத்தான் சரியா இருக்கு."

"என்னது? என் பிள்ளை கல்யாணத்துல என் பிள்ளை வாடகைக் கோட்டுல நிக்கணும், அவர் புதுசு போட்டுட்டு நிக்கணுமா? நல்லா இருக்குடி நியாயம்!" மாமியார் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை கருவிப்பையில் வந்து நின்றது. "முதுகை யார் பார்க்கப் போறா? பின்னாடி தையலைப் பிரிச்சு விட்டா முன்னாடி பட்டன் மாட்டிடலாம். அவர் பையில பிளேடு இருக்கான்னு கேளுடி."

மனைவி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவனே பிளேடை எடுத்தான்.

முதுகின் நடுத் தையலைக் கீழிருந்து மேலே பிரித்தான். தன் முதுகுக்கு அளவெடுத்து, தன் முதுகின்மேல் ஊசி குத்தித் திருத்திய தையல். ஒவ்வொரு நூலும் டிக் டிக்கென்று விட்டது. "கழுத்தும் இறுக்குது அத்தான்" என்றான் தங்கம். காலரையும் பிளந்து ஓர் ஊக்கைக் குத்தினான். வலித்தது. ஒரு கோட்டுக்காக இவ்வளவு வலிக்குமா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது முன்னால் மிச்சமிருந்த பட்டன் மாட்டியது. ஆனால் பின்னால் முதுகு முழுக்க வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதோடு, பிளந்த இரண்டு பக்கத்தையும் யாராவது பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால்தான் முன்னால் கோட் கோட்டாக நின்றது. விட்டால் இரண்டு பாதியும் தோளைவிட்டு வழிந்தன. எல்லோரும் யோசித்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்படியாக மருமகன் மேடை ஏறினான். மணமக்கள் நடந்தால் நடந்தான், நின்றால் நின்றான். இரண்டு கையும் மைத்துனனின் இடுப்புக்குப் பின்னால். மோதிரம் மாற்றிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அவன் பிடியை விடவில்லை. மேடையில் கால் வைத்தபோது மாமியார் அவன் காதருகே வந்து, "மாப்பிள்ளை, கையை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று அவன் ஒரு கணம் சுற்றிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

பெண் வீட்டார் அமர்த்திய படமெடுப்பவர் கறாரான ஆள். "பின்னாடி நிக்கிறவர் கொஞ்சம் விலகுங்க சார். ஃபிரேம்ல வர்றீங்க."

"அவர் நகரக் கூடாது!" என்று அலறினாள் மாமியார். மண்டபமே திரும்பியது. சமாளித்துக்கொண்டு, "அவர் எங்க வீட்டு மருமகன். அவர் இல்லாம எங்க வீட்டுல ஒரு படம் எடுக்கமாட்டோம்" என்றாள். நாக்கு கூசவில்லை அவளுக்கு. பெண் வீட்டார், என்ன மரியாதையான குடும்பம் என்று தலையாட்டிக்கொண்டார்கள். வாழ்த்த வந்தவர்கள் அவனுக்கும் கை நீட்டினார்கள். அவன் கை கொடுக்க முடியாமல் தலையை மட்டும் அசைத்தான். அந்த மருமகனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று கீழே பேசிக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அவனுக்குக் கிடைத்த கெட்ட பெயர், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில், "குடும்பத்தோட ஒன்னு! எல்லாரும் வாங்க" என்றார் படமெடுப்பவர்.

இதற்குத்தானே அவன் காத்திருந்தான். மாமனார், மாமியார், மனைவி எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள். மகள் முன்வரிசையில் நின்று லென்ஸைப் பார்க்காமல் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க பாரு."

"எங்க அப்பா வரல."

"அப்பா பின்னாடிதான் இருக்காரு. நீ சிரி" என்றாள் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்ல. அப்பா தெரியல. விரல்தான் தெரியுது."

அவன் குனிந்து பார்த்தான். தங்கம் அகலம், இவனும் அவன் உயரமேதான். காலையிலிருந்து எடுத்த அத்தனை படத்திலும் இவன் இருந்தான், ஒன்றிலும் தெரிந்திருக்கமாட்டான். கருநீலக் கோட்டின் இரண்டு ஓரத்திலும் இவன் விரல்கள் நாலு நாலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அம்புக்குறி போட வேண்டியதுதான் பாக்கி.

"ரெடி" என்றார் படமெடுப்பவர்.

அவன் கையை விட்டான். பதற்றமில்லாமல் இரண்டு அடி ஓரமாக நகர்ந்து, மனைவியின் பக்கத்தில் வந்து, மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். காலர் ஊக்கு தெறித்தது. கேமரா பளிச்சென்று அடித்தது.

அந்தப் படம் மாமியார் வீட்டு ஆல்பத்தில் இல்லை, இருக்கவும் இருக்காது. அதில் தங்கத்தின் கோட் இரண்டு பாதியாகி முழங்கைக்கு வந்திருக்கிறது. மாமியார் இரண்டு கையாலும் அதைப் பிடிக்கப் பாய்கிறாள். மாமனார் ஊக்கு போன திசையைப் பார்க்கிறார். மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எல்லோர் கண்ணும் கோட்டின்மேல். நேராக லென்ஸைப் பார்த்து, கை குட்டையான பழைய கோட்டில், முகம் மலர நிற்பவன் ஒருத்தன்தான். அவன் பக்கத்தில் அதே சிரிப்போடு ஒரு சின்னப் பெண்.

"தானா விட்டுச்சா, விட்டீங்களா?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கேட்டாள்.

"கை வலிச்சுது" என்றான் அவன். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வீடு வந்து சேரும்வரை தோள் குலுங்கச் சிரித்தாள்.

மாமியார் இப்போதெல்லாம் அவனிடம் நேராகவே பேசுகிறாள். திட்டுவதற்கு நடுவில் ஆள் வைத்தால் சூடு ஆறிவிடும் இல்லையா?

மகள் பழைய படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டினாள். 'இது அப்பா' என்று மட்டும் எழுதினாள். அம்புக்குறி போடவில்லை. மற்றவர்களெல்லாம் யார் என்று டீச்சர் கேட்டாராம்.

"அவங்க சொந்தக்காரங்க, டீச்சர்" என்றாளாம்.